அரிசோனாவில் நான் கட்டிய ஐந்து வீடுகள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. (ஐந்தாவது என் தங்கை மகன். தங்கை போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பல் முளைக்கவில்லை. இப்போது தலை நரைத்துவிட்டது, இன்னும் என்னைத்தான் அம்மா என்கிறான்.) திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை போட்டு ஐந்து பேரையும் ஆளாக்கினேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு படிப்பேன், ஆனால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகன் வயிற்றுப் பேத்தி இதை எழுதுகிறாள். "நாம பேசற மாதிரி எழுதாத, புஸ்தகத்துல வர்ற மாதிரி எழுது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இதை எழுத வைக்க ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள், முன்பின் பார்த்ததே கிடையாது, என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அமெரிக்காவுல வீட்டத் தொலச்ச ஆயா நீங்கதானா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சிரிக்க ஆரம்பித்து, ரசம் புரையேறி, கண்ணெல்லாம் சிவந்துபோனாள். நான்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

நான் வீட்டைத் தொலைத்தேன் என்பது ஊர் பேசுவது. ஒரே காலையில் ஐந்து வீடு கட்டினேன் என்பதை யாரும் பேசுவதில்லை.

என் மூன்றாவது பெண் செல்வி கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையோடு அமெரிக்கா போனவள். அரிசோனா என்று ஒரு ஊர். ஊர் என்றால் நம் மாநிலத்தைவிடப் பெரிசாம். அங்கே வாடகை வீடு. ஒரு வீட்டுக்காரன் மகனுக்கு வேண்டும் என்பான், இன்னொருவன் விற்கப்போகிறேன் என்பான். இவள் மூட்டை கட்டிக்கொண்டே இருந்தாள். நான் போய் இறங்கியபோது கூடத்தில் பாதி அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ஏன்டி என்று கேட்டால், "எதுக்கும்மா பிரிக்கணும், மறுபடியும் கட்டணுமே" என்றாள். அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

சொந்த வீடு தேடாமலும் இல்லை. இவர்களுக்குப் பிடித்த வீடு அதற்கு முன்பே இன்னொருவனுக்குப் பிடித்திருக்கும். கடைசியில் ஒன்று கூடி வந்தது. சின்ன வீடு, பின்பக்கம் எலுமிச்சை மரம். (ஊறுகாய்க்கு ஆயிற்று என்று நான் அப்போதே உப்பில் போட ஜாடி பார்த்து வைத்தேன்.) வீட்டுக்காரருக்குக் கையில் இரண்டு பார்ட்டி. இன்ன நாள் உச்சிப் பொழுதில் வீட்டுக்காரர் கடைசி விலை சொல்வார், மூன்று மணிக்குள் இவர்கள் போனில் சரி என்றால் வீடு இவர்களுக்கு, தவறினால் அடுத்தவருக்கு என்று தரகர் சொல்லிவிட்டார்.

அந்த நாள்தான் நாங்கள் ஊர் சுற்றப் போயிருந்த நாள்.

என்னைக் கூட்டிக்கொண்டு செம்பாறைப் பாலைவனம் சுற்றிக்காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை மாதக்கணக்காகத் திட்டம் போட்டிருந்தார். லாட்ஜெல்லாம் முன்னாடியே எடுத்தாகிவிட்டது. அவசரமே கிடையாது. காலையில் நிதானமாகக் காபி, காரில் கொஞ்ச தூரம், இறங்கிப் பாறையைப் பார்ப்பது, ஏறி இன்னும் கொஞ்ச தூரம், இறங்கி இன்னொரு பாறையைப் பார்ப்பது. எல்லாம் செங்கல் சூளையைப் பிரித்துப் போட்டது போலச் சிவப்பு. கோயில் மதில் மாதிரி அடுக்கடுக்காகக் காவிப் பட்டை. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை மலை இருந்தும் ஒன்றின் உச்சியிலும் ஒரு சாமி இல்லை. எனக்குக் கும்பிடத் தூக்கிய கை பாதியிலேயே நின்று நின்று வலித்தது.

"இந்தப் பக்கமெல்லாம் இந்த நாட்டோட தென்மேற்கு, அத்தே" என்றார் மாப்பிள்ளை, வண்டி ஓட்டிக்கொண்டே.

"கன்னி மூலையா?"

"ஆங், அப்படியும் சொல்லலாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கன்னி மூலையில் பாரம் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. இத்தனை பாறையையும் கொண்டுவந்து சரியான மூலையில் வைத்திருக்கிறார்கள். பிறகு ஏன் டாலர் ஏறாது? இதைச் சொன்னேன். மாப்பிள்ளை கையில் கார் லேசாக ஆடியது. செல்வி, "யம்மா, அவரு வண்டி ஓட்டிக்கினு கீறாரு, கம்முனு வா" என்றாள்.

குறிப்பிட்ட நாள் காலையில் ஒரு இடத்துக்குப் போனோம். கல்லே வாசல் வைத்தது போல வளைந்து நிற்கும் ஒரு பாறை உள்ளே இருக்கிறதாம். மொட்டைப் பாறை மேல் நடந்து போக வேண்டும். மாப்பிள்ளை கணக்குப் போட்டுவிட்டார்: போய்ப் பார்த்துவிட்டு உச்சிக்கு முன் திரும்பி, காரை எடுத்தால் அரை மணியில் ஒரு ஊர், அங்கேதான் டவர், அங்கே உட்கார்ந்து போனில் சரி சொல்லிவிட்டுச் சாப்பாடு. அவர் போடும் கணக்கு தப்பாது. என்ன, அதில் நான் இருப்பதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

என் முட்டிக்கு அந்த நடை ஆகாது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, நிழலான ஒரு பாறையடியில் மடக்கு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் தண்ணீர், தூக்கில் புளிச்சோறு.

"அத்தே, இங்கியே குந்துங்க. எங்கியும் போவாதீங்க" என்றார் மாப்பிள்ளை.

"நான் எங்க போறேன்? எனுக்கு இங்க யாரைத் தெரியும்?"

"யம்மா, எதையும் தொடாத. இங்க ஒரு செடியக்கூட கிள்ளக் கூடாது" என்றாள் செல்வி.

செடியைத்தான் சொன்னாள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைப் பேத்தி கோடு போட்டு எழுத வேண்டும்.

அவர்கள் போனதும் சுற்றிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில், பாறை மேல், தட்டைக் கல்லாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வைத்திருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால் ஒன்று. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எங்கள் மலைப்பாதை ஓரத்திலும் சரி, திருப்பதிக்கு நடந்து ஏறுகிற வழியிலும் சரி, ஜனங்கள் கல் மேல் கல்லாக அடுக்கிவிட்டுப் போவார்கள். சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டுதல். மாடி வீடு வேண்டுமென்றால் இன்னும் ஒரு கல். நானே அப்படி அடுக்கித்தான் இப்போது இருக்கிற ஓட்டு வீடு கட்டினேன். (ஆசைக்கு மூன்று மாடி அடுக்கினேன். கீழ் வீட்டோடு நின்றுவிட்டது. அடுக்கியது எடுப்பாக இருந்தது.)

ஆகவே, அந்த வனாந்தரத்தில் கல் அடுக்கைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஐயோ பாவம், இந்த வெள்ளைக்காரர்களிலும் இத்தனை பேருக்கு வீடு இல்லையா! மலை உச்சியில் சாமி இல்லாவிட்டாலும் நம்பிக்கை இருக்கிறதே! என் பெண் தினமும் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே தூங்குகிறாள், இன்று மத்தியானம் முடிவு, நான் இங்கே நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெற்றவளா நான்?

எழுந்தேன்.

செல்விக்கு ஒரு வீடு கட்டினேன். அகலமாக அஸ்திவாரம், மேலே மாடி, பக்கத்தில் சின்னக் கல்லாக எலுமிச்சை மரம். கட்டி முடித்ததும் மனசு கேட்கவில்லை. ஐந்து பிள்ளையை வளர்த்துவிட்டு ஒருத்திக்கு மட்டும் கட்டினால் மற்ற நாலு பேர் என்ன நினைப்பார்கள்? பெரியவனுக்கு ஒன்று கட்டினேன். வெயில் ஏறியது, அதனால் நிழலை ஒட்டி ஒட்டியே நகர்ந்து அடுத்தது, அதற்கு அடுத்தது. தங்கை மகனுக்குக் கட்டியதுதான் ஐந்தாவது. அது பாறை வளைவுக்குப் பின்னால், நல்ல குளுகுளுவென்று ஒரு குகை மாதிரி இடம். அங்கேயே நாற்காலியையும் தூக்கையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். குகைக்குப் போகிற வழியில், பாறை இரண்டாகப் பிரிகிற இடத்தில், யாரோ வைத்த பழைய அடுக்கு ஒன்று. ஒரு பக்கம் வண்டி நிறுத்தும் மேடு, இன்னொரு பக்கம் பள்ளமாகக் காய்ந்த ஓடை. சூரியனைப் பார்த்துத் திசை பிடித்தேன். மேட்டுப் பக்கம், ஈசானிய மூலையில் இருந்தது! ஈசானியத்தில் பாரத்தை ஏற்றி வீடு வைத்தால் அந்தக் குடும்பம் விளங்குமா? அடுத்தவர் வேண்டுதலைக் கலைப்பது பாவம், ஆனால் தெரிந்தும் சும்மா போவது அதைவிடப் பாவம். ஒவ்வொரு கல்லாக எடுத்து, அதே வரிசையில், ஓடைப் பக்கம் கன்னி மூலையில் மாற்றி அடுக்கிவைத்தேன். முகம் தெரியாத அந்தப் புண்ணியவானுக்காக ஒரு கும்பிடும் போட்டேன்.

குகையில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கவில்லை, வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வளைவில் திரும்பி வந்து நின்றது. இரண்டு பேர் கையிலும் ஊன்றுகோல். என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் பார்த்தார்கள். மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். நான் "ஹாய்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி செலவாகிவிட்டது. அந்தம்மாள் போனில் கல் வாசல் படத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். "ஆங், ரொம்ப நல்லா கீது" என்றேன்.

வந்தவர்களை நிற்க வைத்துப் பழக்கமில்லை. ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொல்லிப் புளிச்சோறு கொடுத்தேன். அவர் ஒரு வாய் வைத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டாவது வாய் கேட்டார். அதற்குள் மூன்று வாலிபப் பெண்கள் வந்தார்கள். பிறகு ஒரு குடும்பம், நாயோடு. எல்லோரும் வளைவில் திரும்பியதும் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள், போனைத் தூக்குவார்கள், மெதுவாகக் கீழே இறக்குவார்கள். நான் தனியாக இருக்கிறேன் என்று தெரிந்து பார்க்க வருகிறார்கள், என்ன மரியாதையான நாடு என்று பூரித்துப்போனேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கே இட்லி போட்ட கை. தூக்கு காலியாகும் வரை யாரையும் விடவில்லை.

கடைசியாகத் தாடி வைத்த ஒருவர் வந்தார். நான் நாயை "போ அந்தாண்ட" என்று விரட்டியதைக் கேட்டு நின்றார்.

"அம்மா, மீரு ஏ ஊரு?" என்றார். எந்த ஊர் என்று கேட்கிறார், சுத்தத் தெலுங்கு.

"திருத்தணி."

"அய்யோ! மாதி சித்தூரு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏழு கடல் தாண்டி வந்தும் பக்கத்து ஊர்க்காரர். நான் பழைய பஸ் எல்லாம் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அகலத் தொப்பி போட்ட ஒரு காவல்கார அம்மா வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். சித்தூர்க்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஈ ராள்ளு எவரு பெட்டாரம்மா?" இந்தக் கல்லெல்லாம் யார் வைத்தது என்று.

"நேனே பெட்டினா!" நானேதான் வைத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எது பெரியவன் வீடு, எது செல்வி வீடு என்று விலாவாரியாகவும் சொன்னேன். அவர் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, காவல்கார அம்மா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். பிறகு பூட்ஸ் காலால் தங்கை மகன் வீட்டை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

எனக்கு வந்தது பார் ஆத்திரம்! எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஆக்கிரமிப்பு எடுக்க வந்தவர்களையே நடுரோட்டில் உட்கார்ந்து மறித்தவள் நான். வழியில் போய் நின்றுகொண்டு, "எம்பொண்ணு செல்வி வாடகை வீட்டுல கீது, அது வீட்ட மட்டும் வுட்டுடச் சொல்லுங்க" என்று மன்றாடினேன். சித்தூர்க்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அம்மா, இது வேண்டுதல் இல்லை. மொட்டைப் பாறையில் பாதை தெரியாது. இந்தப் பக்கம் போ என்று காட்டத்தான் இவர்கள் கல் அடுக்குகிறார்கள். இத்தனை பேரும் நீங்கள் வைத்த கல்லைப் பார்த்துத்தான் இங்கே வந்தார்கள்" என்று தெலுங்கிலேயே சொன்னார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். வெள்ளைக்காரத் தாத்தா புளிச்சோற்று விரலைச் சப்பிக்கொண்டே தலையாட்டினார்.

காவல்கார அம்மா இன்னொன்று கேட்டாள். பாறை பிரிகிற இடத்து அடுக்கு காலையில் இருந்தது, இப்போது காணோமே? "அது மூலை சரியில்ல. ஓடைப் பக்கமா நான்தான் மாத்தி வெச்சேன்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. போகிறவர்கள் எல்லாம் என்னிடம் வந்தார்கள். திரும்பி வருகிறவர்கள் எல்லாம் ஓடைக்குள் இறங்கியிருப்பார்கள். உச்சிக்கு முன் வருகிறேன் என்ற மாப்பிள்ளையும் பெண்ணும் வரவில்லை. நிழல் மறுபக்கம் சாய்ந்திருந்தது. அதுவரை நான் மணி கேட்கவே இல்லை.

"எம்பொண்ணு" என்றேன். ஓடைப் பக்கம் கையை நீட்டினேன்.

அந்தம்மாள் மார்பில் தொங்கிய கருவியில் பேசிக்கொண்டே ஓடினாள். பாவம், நன்றாக ஓடினாள். வெள்ளைக்காரப் பாட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தூர்க்காரர் இரண்டு மணி தாண்டிவிட்டது என்றார். பிறகு இரண்டரை என்றார். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

வந்தார்கள். வரிசையாக ஒன்பது பத்துப் பேர். முன்னால் காவல்கார அம்மா, அடுத்து மாப்பிள்ளை, ஒரு செருப்பு அறுந்து கையில். முகம் அந்தப் பாறை நிறம். சட்டையெல்லாம் முள். செல்வி முந்தானையில்லாத குறைக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடந்தது இதுதான். பிரிகிற இடத்தில் மற்றவர்கள் தயங்கி நின்றிருக்கிறார்கள். மாப்பிள்ளைதான் என் அடுக்கைக் காட்டி, கவலைப்படாதீர்கள், நான் இதையெல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று முன்னால் நடந்து மொத்தப் பேரையும் ஓடைக்குள் இறக்கியிருக்கிறார்.

"மணி இன்னா?" என்பதுதான் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி. யாரோ சொன்னார்கள். அவர் அறுந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று தாண்டிவிட்டது.

காரில் ஏறினோம். டவர் வந்ததும் செல்வி போன் சடசடவென்று அடித்துக்கொண்டது. படித்தாள். மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"போச்சு. அடுத்த பார்ட்டிக்குக் குடுத்துட்டாங்க."

கார் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். எனக்கு எதிரே வந்த லாரியில் ஏறி ஊருக்குப் போய்விடலாம் போல இருந்தது.

"எதுக்கும்மா கல்ல அடுக்குன?" என்றாள் கடைசியில்.

"உனுக்கு வீடு அமையட்டும்னுதான்டீ."

பிறகு மாப்பிள்ளை தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து, "மாப்ள, மாப்ள, மனசு வுடாதீங்க" என்றேன். காரை ஓரமாக நிறுத்தினார். திரும்பினார். கண்ணில் தண்ணீர் கொட்ட, வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்.

"வூடு வேணும்னு வேண்டிக்கினு, வந்த வூட்ட வழியனுப்பி வெச்சது உலகத்துலியே நீங்க ஒருத்தர்தான், அத்தே!"

செல்வி முதலில் அவரை அடித்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினாள். நான் சிரிக்கவில்லை. பசி வேறு. புளிச்சோறு முழுவதையும் வழி தவறியவர்களுக்குப் போட்டுவிட்டேன்.

வீடு பிறகு அமைந்தது. ஒரு வருஷம் கழித்து வேறு ஒன்று. எலுமிச்சை மரம் கிடையாது, ஆனால் பெட்டியெல்லாம் பிரித்துவிட்டாள். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கின அன்று நான் திருத்தணியில் இருந்தேன். மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டு, "அத்தே, ரெண்டு கையும் தெரியற மாதிரி குந்துங்க" என்றார். கடைசிக் கையெழுத்து முடியும் வரை கையை எடுக்க விடவில்லை. மூக்கு அரித்தது. பக்கத்தில் இருந்த பேத்திதான் சொறிந்துவிட்டாள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது விலாசம் தெரியாமல் சுற்றிவிட்டு வந்தால், "ஆயா அடுக்குன பக்கம் போயிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். மாப்பிள்ளை ஊருக்கு வரும்போதெல்லாம் கதையும் வளர்கிறது. ஐந்து வீடு பதினைந்து ஆகிவிட்டது. என்னைத் தேட ஹெலிகாப்டர் வந்ததாம். அந்த நாய் என்னைக் கும்பிட்டதாம். பொதட்டூர்பேட்டை அம்மாள் வரை போய்ச் சேர்ந்தது இந்தக் கதைதான்.

அதனால்தான் உள்ளது உள்ளபடி சொன்னேன். முடிந்துவிட்டது, பேனாவை மூடு கண்ணு. எங்கே, மொதல்லருந்து சத்தமா படிச்சிக் காட்டு. உங்க மாமா மாதிரி நீயும் நடுவுல ஹெலிகாப்டரு கிலிகாப்டரு வுட்டிருந்தா, எனுக்குப் படிக்கத்தான் தெரியாது, கேக்க நல்லாத் தெரியும்.